கை தூக்கக் கேட்ட பெண்களும் எங்கள் பேப்பரும்

என்னிடம் மூன்று பெண்கள் இருந்தார்கள். இதை என் மனைவியும் வாசிக்கக்கூடும் என்பதால் உடனேயே விளக்கிவிடுகிறேன். மூவரும் மரக்கட்டையில் ஆணி அடித்த உலோகத் தகடுகளில் இருந்தார்கள். படம் அச்சடிக்கும் அந்தத் தகட்டைப் புளொக் என்று சொல்லுவோம்.

வவுனியாவில் பத்திரிகை வேலை செய்யும் பிள்ளைகள் சிலர் போன மாதம் என்னைப் பார்க்க வந்தார்கள். கண் மங்கி, வேலையை விட்டு, வீட்டில் கோழிகளுக்கு அதிகாரம் பண்ணிக்கொண்டிருக்கிற என்னை ஒரு அனுபவசாலியாக யாரோ அவர்களுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டார்கள். தங்கள் மலருக்கு ஏதாவது எழுதித் தரவேண்டுமாம். அதில் ஒரு பிள்ளை கேட்டாள்: "அண்ணை, பொருளாதாரத்தடைக் காலத்தில பொம்பிளையளைப் பற்றின செய்திக்கு எங்கயிருந்து படம் எடுத்தனீங்கள்?"

மேசை லாச்சியில், அதுதான் இழுப்பறையில், இருந்து எடுத்தோம் என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் அச்சுக்கோக்கிறவன். பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்ட வயதில் யாழ்ப்பாணத்து அச்சகம் ஒன்று என்னை எடுத்தது. கல்யாண அழைப்பிதழில் மாப்பிள்ளையின் பெயரைப் போடவேண்டிய இடத்தில் மாமனாரின் பெயரைப் போட்டு ஒரு முறை அடி வாங்கினேன். மற்றப்படி அந்த வருடங்களில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. தொண்ணூறுக்குப் பிறகு கிளிநொச்சியில் ஒரு வாரப் பத்திரிகைக்கு வந்து சேர்ந்தேன். பேர் வேண்டாம். அந்தப் பத்திரிகையும் இல்லை, அதற்காக வாதாட ஆட்களும் இல்லை.

கரண்ட் இல்லை. காலால் மிதித்து ஓட்டும் இயந்திரம்தான். நான் மிதித்த மிதிக்குக் கதிர்காமத்துக்குப் பல முறை போய் வந்திருக்கலாம். ஆனால் நின்ற இடத்தை விட்டு ஒரு அடி நகரவில்லை. இன்றைக்கும் என் வலது கால் இடது காலை விடப் பருமன். காகிதம் வராதபோது பள்ளிப் பிள்ளைகளின் கோடு போட்ட கொப்பித்தாளில் பத்திரிகை அடித்தோம். மை முடிந்தால் விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்தோம். படப்பிடிப்பு, புதுப் புளொக் என்பதெல்லாம் கொழும்புக் கதை. பழைய புளொக்குகள் கிடந்த லாச்சிதான் எங்கள் படப்பிடிப்பாளர்.

அந்த லாச்சியில் ஆண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பேசுகிற ஆண், மாலை போட்ட ஆண், வயலைப் பார்க்கிற ஆண், கோப்புடன் இருக்கிற ஆண். பெண்கள் மூவர். ஒருத்தி நகைக்கடை விளம்பரத்தில் இருந்து வந்த மணப்பெண். இரண்டாவது, குழாயடியில் குடங்களோடு நிற்கிற கூட்டம். அது ஒரு புளொக் என்பதால் ஒருத்தியாகக் கணக்கு. மூன்றாவது, தலைவிரி கோலமாக, ஒரு கை நெற்றியில் வைத்து அழுகிற பெண். எங்கே, எந்தச் சாவில் எடுத்த படமோ தெரியாது. நாங்கள் அவளுக்குப் பொன்னம்மா என்று பெயர் வைத்திருந்தோம்.

நல்ல செய்தி என்றால் மணப்பெண். தட்டுப்பாடு என்றால் குடம். மிச்சம் எல்லாவற்றுக்கும் பொன்னம்மா. அந்த வருடங்களில் மிச்சம்தான் கூட. பொன்னம்மா அடித்து அடித்துத் தேய்ந்து, மூக்கு முதலில் போனது. பிறகு இடக்கண். சந்தையில் சனங்கள் பேப்பரை விரித்தவுடன், "பொன்னம்மா இந்தக் கிழமையும் வந்திட்டா" என்று சொல்லுவார்கள்.

பத்திரிகையின் ஆசிரியரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். ஓய்வு பெற்ற வாத்தியார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் சிவப்புப் பென்சில். பிழை பார்க்க அடித்த புரூவை நின்றுகொண்டு, பிரார்த்தனை மாதிரிச் சத்தமாக வாசிப்பார். இயந்திரத்தைக்கூட 'நீங்கள்' என்றுதான் சொல்லுவார். "இவருக்கு எண்ணெய் விட்டனீங்களோ?" என்று கேட்பார். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். அவர் என்னை "ஐயா" என்று கூப்பிட்டால் பெரிய பிழை விட்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

மாஸ்டருடைய சிவப்புப் பென்சிலுக்கு ஒரு பழக்கம் இருந்தது. செய்தியில் ஆண்கள் ஏதாவது சொன்னால் 'வலியுறுத்தினர்' என்று திருத்துவார். பெண்கள் சொன்னால் 'கண்ணீர் மல்கக் கூறினர்.' கொஞ்சம் உரத்துச் சொன்னால் 'கதறினர்.' அவர் கெட்ட மனிதர் இல்லை. சனத்துக்கு இரக்கம் வரவேண்டும், வந்தால்தான் உதவி வரும் என்று உண்மையாகவே நம்பினார். ஒவ்வொரு கிழமையும் அந்தச் சொற்களை எழுத்தெழுத்தாகக் கோக்கிற அலுப்பில், நான் 'கண்ணீர் மல்கக் கூறினர்' என்பதை ஒரு தரம் கோத்து, நூலால் கட்டி, மேசையின் ஓரத்தில் ஆயத்தமாக வைத்திருந்தேன். தேவைப்படும்போது தூக்கி வைப்பது. சோம்பேறித்தனத்தில் நான் முன்னேறிய நாட்டுக்காரன்.

இனி அந்தப் பெண்கள்.

அக்கராயன் பக்கத்தில் ஒரு குளம். அதன் தண்ணீரில் விதைக்கிற குடியேற்றத்தில் பாதிப்பேர் யாழ்ப்பாணப் பக்கத்தில் இருந்து வந்தவர்கள். பாதிப்பேர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் இருந்து கலவரங்களில் அடிபட்டு வந்தவர்கள். சிறுபோகத்துக்குக் குளத்தில் முழு வயலுக்கும் தண்ணீர் காணாது. எந்த வாய்க்காலுக்குத் திறப்பது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று விதைப்புக்கு முன் ஒரு கூட்டம் வைத்து, கை தூக்கித் தீர்மானிப்பார்கள். நாட்டுத் தேர்தல் எதுவும் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். வன்னியில் ஒரு மனிதன் கை தூக்கி ஒன்றைத் தீர்மானிக்கக்கூடிய இடம் அந்தக் குளத்துக் கூட்டம்தான். மனிதன் என்றால் ஆண். அரசாங்கம் கொடுத்த காணிப் பெர்மிற் அவன் பேரில்தானே இருக்கும்.

ஆனால் ஆண்கள் குறைந்துகொண்டு வந்தார்கள். ஷெல்லில் போனவர்கள், காட்டுப் பாதையில் போனவர்கள், போனது மட்டும் தெரிந்து மற்றது தெரியாதவர்கள். உழுவதும் விதைப்பதும் பெண்கள். கூட்டத்தில் அவர்களுக்காக ஒரு ஆண் சொந்தக்காரர் கை தூக்குவது வழக்கம்.

தனலெட்சுமிக்கு அப்படிக் கை தூக்கியவர் அவளுடைய புருசனின் பெரியப்பா மகன். புருசன் முருகையா சைக்கிளில் பச்சைமிளகாய் மூட்டை கட்டிக்கொண்டு ஆமி நிற்கிற வவுனியாப் பக்கம் போனவர், திரும்பவில்லை. இரண்டு வருடம். கை தூக்கிய பெரியப்பா மகனுக்கு வயல் வாய்க்காலின் தலைப்பில், தனலெட்சுமிக்கு வாய்க்காலின் கடைசியில். கடைசிப் பக்கத்துக்குத் தண்ணீர் விடத் தேவையில்லை என்ற தீர்மானத்துக்கு அந்த ஆள் இரண்டு கைகளையும் தூக்கினார். ஒன்று தனக்கு, மற்றது தனலெட்சுமிக்கு.

அடுத்த சிறுபோகம் வருமுன் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து, எங்கள் கையை நாங்களே தூக்குவோம் என்று, கூட்டத்தை நடத்துகிற விவசாயச் சங்கத்துக்குப் போனார்கள். எங்கள் நிருபர், சங்கத்துச் செயலாளரின் வாயில் இருந்து அதைக் கேட்டு எழுதி அனுப்பினார். மாஸ்டர் மெருகு போட்டார். 'குளக்கட்டில் வளையல் சத்தம்' என்பது தலைப்பு. பெண்கள் வாக்குக் கேட்டு வந்த நேரம் வீடுகளில் சோறு கருகியது, பிள்ளைகள் அழுதன, குளத்து மீன்களும் பயந்து கரைக்கு வந்தன என்றெல்லாம் எழுத்து. தண்ணீர் விசயம் என்றபடியால் குடப் புளொக்கைப் போட்டேன்.

பேப்பர் வெளிவந்த இரண்டாம் நாள் நாலு பேர் காரியாலயத்துக்கு வந்தார்கள். முன்னால் வந்தவர் பூரணமக்கா. யாழ்ப்பாணத்துக் குடியேற்றக்காரி, புருசனை ஷெல்லுக்குக் கொடுத்தவர், வயது ஐம்பதுக்கு மேல். பின்னால் தனலெட்சுமி.

"ஆர் இதை எழுதினது?" என்று கேட்டுப் பூரணமக்கா பேப்பரை என் கண்ணுக்கு முன்னால் பிடித்தார். நான் மாஸ்டரைப் பார்த்தேன். வேலை கொடுத்தவருக்கு விசுவாசம் என்றால் அதுதான்.

"சோறு கருகினதாம். மாஸ்டர், கருகிறதுக்குச் சோறு இருக்கோணும். நீங்கள் எந்த வீட்டில பாத்தனீங்கள்? சொல்லுங்கோ, நாங்களும் போய்ச் சாப்பிடுறம்."

"அம்மா, அது நகைச்சுவைக்காக..." என்றார் மாஸ்டர்.

"அப்ப நீங்கள் வாங்கோ, என்ர வாய்க்காலுக்க நிண்டு சிரியுங்கோ. தண்ணி இல்லாதபடியால் கால் நனையாது."

மாஸ்டர் கதிரையைத் துடைத்து அவர்களை இருத்தினார். தேத்தண்ணி வைக்கச் சொன்னார். சீனி இல்லை, பதிலுக்குக் கடித்துக்கொள்ள ஆளுக்கொரு தோடம்பழ இனிப்பு. பிறகு தனலெட்சுமியைப் பார்த்து, "நீங்கள் சொல்லுங்கோ" என்றார்.

தனலெட்சுமி பேசும்போது கையை மடியில் வைத்துக்கொண்டு மேசையைப் பார்த்துப் பேசினாள். பேச்சில் மலைநாடு அப்படியே இருந்தது.

"எங்கப்பா தோட்டத்துல இருந்தாருங்க. அவருக்கு இந்த நாட்டுல வோட்டு இல்லைன்னாங்க. எனக்கும் இல்ல. அது போவட்டும். இது நான் வெட்டின வாய்க்காங்க. போன தடவ என் கைய வச்சே என் தண்ணிய நிப்பாட்டிட்டாங்க. இந்தத் தடவ தண்ணி வரலேன்னா நாலு உசுரு பட்டினிங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். என் கைய நான் தூக்கணும்."

"உங்கட கணவர்?"

"போயி ரெண்டு வருசமாச்சுங்க. இன்னும் வரல."

மாஸ்டரின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அவளுடைய கண் கலங்கவில்லை. அதையும் பார்த்தேன். அவர்கள் போனபின் மாஸ்டர் கண்ணாடியை வேட்டித் தலைப்பால் நெடுநேரம் துடைத்தார்.

"நாங்கள் பாவம் செய்திட்டம். முதற்பக்கம் முழுக்க இவைக்குத்தான். கூட்டத்துக்கு முதல் நாள் வெளிவரவேணும்."

அவரே எழுதினார். அவ்வளவு கவனமாக அவர் எழுதி நான் கண்டதில்லை. தலைப்பு: 'விதவைகளின் கண்ணீர் குளத்தை நிரப்புமா?' கணவனை இழந்து, காலனின் கொடுமையால் பொட்டிழந்து நிற்கும் பெண்கள். அதில் முருகையாவின் மனைவி தனலெட்சுமி, பேரோடு. கணவரை இழந்த அவர் கண்ணீர் மல்கக் கூறினார், கதறினார், மன்றாடினார். நான் நூலால் கட்டி வைத்திருந்ததை அவிழ்த்து, ஒருமைக்கு ஏற்றபடி முடிவை மாற்றிப் போட்டேன். தலைப்பின் கீழே பொன்னம்மா, இரண்டு பத்தி அகலத்தில்.

கூட்டத்தன்று மாஸ்டர் சைக்கிளின் பின்னால் ஒரு கட்டுப் பேப்பர் கட்டினார். இலவசமாகக் கொடுக்கப் போகிறாராம். நானும் பின்னால் என் சைக்கிளில் போனேன். பள்ளிக்கூட மண்டபம் நிறைய ஆண்கள். பெண்கள் சுவரோரமாக நின்றார்கள். மாஸ்டர் ஒவ்வொருவருக்கும் இரண்டு கையாலும் பேப்பரை நீட்டினார், கோயிலில் விபூதி கொடுப்பது மாதிரி.

தனலெட்சுமி அதை வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்தாள். வெகுநேரம் எடுத்தது. பிறகு எங்களிடம் வந்தாள்.

"ஐயா, நான் எங்கங்க அழுதேன்?"

"அது அம்மா, ஒரு எழுத்து வழக்கம்."

"சரிங்க. அவரு செத்துட்டாருன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

மாஸ்டர் கையில் இருந்த பேப்பரை விரித்து அந்த வரியைத் தேடினார். அந்த நேரம் கூட்டத்துக்குத் தலைமை தாங்க அரசாங்க அதிகாரி வந்துவிட்டார்.

அதிகாரி நல்லவர். களைத்துப்போன நல்லவர். எடுத்த எடுப்பிலேயே சொன்னார்: "பெண்கள் கை தூக்கக் கூடாதெண்டு சட்டம் இல்லை. பெர்மிற் ஆரின்ர பேரிலயோ அவை தூக்கலாம். புருசன் செத்து மோசம் போயிருந்தால், பெண்சாதியின்ர பேருக்கு மாத்துறதுக்கு நான் இண்டைக்கே பதிஞ்சு தாறன்." சுவரோரத்தில் ஒரு அசைவு. பூரணமக்கா முதலில் போய்க் கையெழுத்து வைத்தார். பின்னால் மற்றவர்கள். கேட்டது அவ்வளவு இலகுவாகக் கிடைத்ததில் அவர்களுக்கே நம்பிக்கை வரவில்லை.

தனலெட்சுமி போகவில்லை.

செயலாளர் எழும்பினார். கையில் எங்கள் பேப்பர். "ஐயா, ஒரு விசயம். முருகையாவின்ர பேரில ஒரு பங்கு இன்னும் பதிவில இருக்கு. இந்தா, பேப்பரில கிடக்கு, ஆள் இல்லையெண்டு. செத்த ஆளின்ர பேரில பங்கு குடுக்கேலாது. வெட்டிவிடுங்கோ."

அதிகாரி தனலெட்சுமியைப் பார்த்தார். "அம்மா, உங்கட அவர் இருக்கிறாரோ?"

"இருக்காருங்க."

"எங்க?"

"தெரியாதுங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

மாஸ்டர் எழும்பினார். அவருடைய குரல் புரூவ் வாசிக்கிற குரல் இல்லை. "பத்திரிகையில போட்டது பிழை. நாங்கள் தெரியாமல் எழுதினது."

"அப்ப ஆள் உயிரோட இருக்கிறார் எண்டுறியளோ மாஸ்டர்?" என்றார் செயலாளர்.

"அதுவும் தெரியாது."

"அப்ப தெரிஞ்சதை எப்ப எழுதுவியள்?"

மண்டபம் முழுக்கச் சிரித்தது. அந்த வருடங்களில் அவ்வளவு பேர் சேர்ந்து சிரித்ததை நான் கேட்டது குறைவு. பகிடிக்காரன் என்ற முறையில் எனக்குக்கூட அப்படி ஒரு சிரிப்புக் கிடைத்ததில்லை.

அதிகாரி கையைக் காட்டி அடக்கினார். தனலெட்சுமியோடு மெதுவாகப் பேசினார். "பாருங்கோ அம்மா. எல்லாருக்கும் முன்னால இதைச் சொல்லிப்போட்டினம். இனி நான் கண்ணை மூடிக்கொண்டு அவற்ர பேரில பங்கு தரேலாது. அவர் இருந்தால் வரவேணும். இல்லையெண்டால், மோசம் போயிட்டாரெண்டு இதில கையெழுத்து வையுங்கோ. ரெண்டு சாட்சி போதும். உங்களுக்குப் பங்கும் வரும், கையும் தூக்கலாம். நான் வேற என்ன செய்ய?"

அவள் நின்றாள். முன்னைய கிழமை வரைக்கும் அவளிடம் காணாமல்போன புருசன் ஒருவரும் அவர் பேரில் ஒரு பங்கும் இருந்தன. எங்கள் பத்திரிகை இரக்கப்பட்டதில் இப்போது இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம்.

பூரணமக்கா கிட்டப்போனார். "தனம், வை. அவர் வந்தாரெண்டால் வந்து ஏசட்டும். ஏச்சு வாங்கிறதுக்கும் நீ உயிரோட இருக்கோணும், பிள்ளையளும் இருக்கோணும்."

"அக்கா, இத நான் வாயால சொன்னதே இல்ல."

"வாயால சொல்லாத. கையால வை."

அவள் போய்ப் பெருவிரலை மையில் வைத்து ஒற்றினாள். கையெழுத்துத் தெரிந்தவள்தான், பேப்பர் வாசித்ததைப் பார்த்தேனே. தன் பெயரை அதில் எழுத விருப்பமில்லைப்போல. பூரணமக்கா முதல் சாட்சி வைத்தார். இரண்டாவது சாட்சிக்கு ஒருவரும் முன்வரவில்லை. ஆண்கள் மேலே கூரையைப் பார்த்தார்கள்.

"மாஸ்டர் வைக்கட்டும்" என்றார் செயலாளர். "எங்கள் எல்லாருக்கும் முந்தி அவருக்குத்தானே தெரியும்."

மாஸ்டர் அசையவில்லை. தனலெட்சுமி திரும்பிப் பார்த்தாள்.

"வைங்க ஐயா. நீங்க எழுதினதுதானே."

அவளுடைய குரலில் குத்தல் இல்லை. ஒரு வேலையை முடிக்கச் சொல்கிற குரல். மாஸ்டர் போனார். சட்டைப் பையில் கையை விட்டார். சிவப்புப் பென்சில்தான் வந்தது. அதிகாரி தன் பேனையைக் கொடுத்தார். நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு உறுப்பெழுத்துச் சொல்லிக் கொடுத்த கை, தன் பெயரை ஒரு இடத்தில் விட்டு, திரும்பிப் பிடித்து எழுதியது.

பிறகு வாக்கெடுப்பு. கடைசிப் பக்கத்து வாய்க்கால்களுக்கும் தண்ணீர் திறப்பது, தலைப்பில் இருப்பவர்களின் பங்கைக் கொஞ்சம் குறைப்பது. ஆதரவானவர்கள் கை தூக்கலாம் என்றார் அதிகாரி. சுவரோரமாகக் கைகள் எழும்பின. காய்ப்புப் பிடித்த கைகள். ஆண்களிலும் சிலர் தூக்கினார்கள், கடைசிப் பக்கத்துக்காரர்கள். தனலெட்சுமியின் கை மற்றவற்றை விடக் கொஞ்சம் உயரத்தில் இருந்தது. பெருவிரலில் மை. துடைக்க ஒருவரும் துணி கொடுத்திருக்கவில்லை.

தீர்மானம் நிறைவேறியது.

திரும்பும் வழியில் மாஸ்டர் சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தார். நானும் உருட்டினேன். காரியாலயத்தில் வந்து இருந்து, அடுத்த இதழுக்கு அவர் எழுதத் தொடங்கினார். ஒரு வரி எழுதுவார், வெட்டுவார். கடைசியில் என்னைக் கேட்டார்.

"நீங்கள் பாத்தனீங்கள்தானே. அவா என்ன செய்தவா?"

"கை தூக்கினவா, மாஸ்டர்."

"வேற?"

"வேற ஒண்டும் செய்யேல்லை."

"அப்ப அதை மட்டும் எழுதுவம்." அவர் எழுதிய செய்தி கூட்டத்தில் நடந்தது நடந்தபடி, ஆறேழு வரிதான். கூறினர் என்றால் கூறினர். படம் வேண்டாம் என்றார். முதற்பக்கத்தில் மேலே, தனலெட்சுமியின் பேரோடு, அதை நான் கோத்து முடித்து இயந்திரத்தில் பூட்டியிருந்தேன்.

அச்சடிக்கிற அன்று காலை தனலெட்சுமி வந்தாள். தனியாக, அக்கராயனில் இருந்து நடந்து. இருக்கச் சொன்னோம், இருக்கவில்லை.

"கூட்டத்தப் பத்திப் போடப் போறீங்களாங்க?"

"ஓம் அம்மா. இந்தமுறை சரியா எழுதியிருக்கிறம். வாசிச்சுக் காட்டட்டோ?" மாஸ்டர் புரூவைத் தேடினார்.

"வேணாங்க. போடாதீங்க."

"ஏன் அம்மா? நீங்கள் வெண்ட விசயமெல்லே."

அவள் அப்போதும் மேசையைத்தான் பார்த்தாள்.

"அவரு எங்கயோ ஒரு ஜெயில்ல இருப்பாருங்க. சாமானம் சுத்தி வர்ற பேப்பரக்கூட விடாம படிக்கிற மனுசன். நான் கை தூக்கினேன்னு போட்டீங்கன்னா, எப்பிடித் தூக்கினாளுன்னு யோசிப்பாரு. அவர எழுதிக் குடுத்துட்டுத்தான் தூக்கினேன்னு வெளங்கிரும். போன கிழமைப் பேப்பரு போனது போச்சு. அது நீங்க எழுதினது. இது நான் செஞ்சது."

எங்கள் பத்திரிகை கிளிநொச்சியைத் தாண்டுவதே அருமை. அதை மாஸ்டர் அவளுக்குச் சொல்லவில்லை. எழும்பி இயந்திரத்தடிக்கு வந்து, பூட்டைத் தளர்த்தி, அந்த ஆறேழு வரியையும் தன் கையாலேயே எடுத்தார். விரலெல்லாம் மை.

"தண்ணி வருதோ அம்மா?" என்று கேட்டார்.

"வருதுங்க. நேத்து வந்திருச்சு."

அவள் போனாள். முதற்பக்கத்தில் மேலே ஒரு கை அகலத்துக்கு வெறுமை. அந்த இடத்துக்கு என்ன போடுவது என்று கேட்டேன். உரம் எப்போது கொடுபடும் என்ற அறிவித்தல் ஒன்று கிடந்தது. அதைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னார். போட்டேன். மிதிக்கத் தொடங்கினேன்.